கை நனைத்த வீடு

பொருளாதாரம் படித்தவர்கள் சண்டை போட்டால் நாலு சுவருக்குள் போடுவார்கள், புள்ளிவிவரத்தால் அடித்துக்கொள்வார்கள், ஊருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நாம் நினைப்போம். அறுபத்தைந்தாம் வருஷம் திண்டுக்கல்லில் நடந்தது அப்படி இல்லை. அப்துல் லத்தீப்பும் உடையப்பனும் போட்ட சண்டையை டீக்கடை பெஞ்சில் சத்தம் போட்டு வாசித்தார்கள். தினசரியின் ஞாயிறு பக்கத்தில் ஒரு வாரம் இவர் எழுதுவார், மறுவாரம் அவர் பதில் எழுதுவார். வாசித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் புரியவில்லை. யார் யாரை எவ்வளவு மட்டம் தட்டினார் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. லத்தீப் டவுன் கல்லூரி ஒன்றில் பொருளாதார விரிவுரையாளர். சில வருஷங்களுக்கு முன் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர். வயல் கூலியை நெல்லாகவும் சோளமாகவும் அளந்து கொடுக்கிற ஊர்களில், விலைவாசி ஏறினாலும் கூலிக்காரனுக்கு நஷ்டமில்லை, அவன் கையில் இருப்பதே தானியம்தானே என்பது அந்தக் கட்டுரையின் சாரம். டெல்லியில் ஏதோ ஒரு கமிட்டியின் அறிக்கையில் அடிக்குறிப்பாக அவர் பேர் வந்தது. அந்த அடிக்குறிப்பை அவர் எத்தனை பேரிடம் காட்டினார் என்று கேட்காதீர்கள். அவர் குடியிருந்த பேகம்பூரில் இங்கிலீஷ் தெரியாத இறைச்சிக்கடைக்காரர்கூட அதைப் பார்த்திருக்கிறார்.

உடையப்பன் வடமதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். சென்னையில் எம்.ஏ. படிக்கும்போது லத்தீப்பும் அவரும் ஒரே விடுதி அறை. ஒருத்தரை ஒருத்தர் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்கள். பெருநாள் வந்தால் உடையப்பன் லத்தீப் வீட்டில்தான் சாப்பாடு. கிராம ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த உடையப்பன், ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரைப்பட்டி என்கிற ஊருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் போய்வந்து கூலிக்காரர் வீடுகளில் கணக்கெடுத்தார். அவர் கண்டது வேறு மாதிரி இருந்தது. அரிசி விலை ஏற ஏற, நிலக்காரர்கள் கூலியை நெல்லாக அளப்பதை நிறுத்திவிட்டுக் காசாகக் கொடுக்கிறார்கள். நெல் லாரி ஏறிப் போய்விடுகிறது. அறுத்துப் போட்டவர்கள் ஒரு வேளைக் கஞ்சியில் காலம் தள்ளுகிறார்கள். இதைத் தினசரியின் ஞாயிறு பக்கத்தில் எழுதிய உடையப்பன் லத்தீப்பின் கட்டுரையைப் பேர் சொல்லி மறுத்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "கட்டுரையாளர் கடைசியாக ஒரு களத்துமேட்டை எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை" என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டார்.

அந்த ஒரு வரிதான் லத்தீப்பைக் குத்தியது. மற்றதெல்லாம் கருத்து. அந்த வரி உண்மை.

அடுத்த ஞாயிறு லத்தீப் எழுதினார். மாப்ளே போய் 'நண்பர்' வந்தது, நண்பர் போய் 'திரு. உடையப்பன் அவர்கள்' வந்தது, கடைசியில் 'ஒரு சிலர்' என்று ஆனது. ஒருவருடைய கணக்கு முறையை இன்னொருவர் பள்ளிக்கூடப் பையன் கணக்கு என்றார். மற்றவர் பதிலுக்கு, விடுதியில் அந்தப் பையனுக்குப் பாடம் சொன்னதே யார் என்று கேட்டார். ஊருக்குக் கொண்டாட்டம். டவுன் வாசகர் மன்றத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மேற்கு ரத வீதி மண்டபத்தில் பட்டிமன்றம் ஏற்பாடு செய்துவிட்டார்கள். 'விலையேற்றத்தால் கிராமத்துக் கூலிக்காரர் வாழ்கிறாரா, வாடுகிறாரா?' என்று நோட்டீஸ் அடித்துச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். ஆராய்ச்சிச் சண்டையை வேறு எங்கேயும் இப்படித் தீர்த்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊரில், நாக்கு யாருக்கு நீளமோ அவருக்குத்தான் வெற்றி.

பட்டிமன்றத்துக்கு ஒரு வாரம் முன்னால் லத்தீப் ஓடைக்கரைப்பட்டிக்குப் போனார். களத்துமேட்டைப் பார்க்காதவன் என்று சொன்னவன் முகத்தில் கரி பூச வேண்டாமா?

அவர் போய் நின்றது ஊருக்கு ஒதுக்குப்புறத்துச் சேரியில், பேச்சாயி வீட்டு வாசலில். நாற்பது வயதிருக்கும் பேச்சாயிக்கு. புருஷன் கிணறு வெட்டுகிற வேலைக்குப் போயிருந்தான். கல்யாண வயதில் ஒரு மகள். டவுனிலிருந்து படித்த மனுஷர் வந்திருக்கிறார் என்றதும் பேச்சாயி கோரைப்பாயை உதறிப் போட்டாள். லத்தீப் காகிதத்தை எடுத்து, வீட்டில் எத்தனை வேளை அடுப்பு எரியும் என்று கேட்டார்.

"கேக்குறதெல்லாம் அப்புறம் கேளுங்க சாரு. வெயில்ல நடந்து வந்திருக்கீக. மொதல்ல கை நனைங்க."

"வேணாம்மா, நான் கிளம்பணும்."

"செத்த நேரம் இருங்க. சாப்பிடாமப் போனா எங்களுக்குல்ல கேவலம்."

அவர் இருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வீட்டின் பின்வாசல் தெரிந்தது. அதற்கு அப்பால் கிளுவை வேலி. பேச்சாயி வேலியோரம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை ஒரு பித்தளைப் பாத்திரத்தை நீட்டியது. பாத்திரத்தில் அரிசி. அதன் மேல் இரண்டு முட்டை. பேச்சாயி அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

லத்தீப் அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் அவருக்கு வக்காலத்து வாங்க வழியில்லை. அவருடைய அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் ஊறல் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர். வீட்டுக்கு யாராவது ஆள் வந்துவிட்டால் அம்மா காதர் பீவி கொல்லைச் சுவரில் தட்டுவாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் அரிசி சுவருக்கு மேலே வரும். வந்தவர் சாப்பிட்டு, நல்லா இருங்கன்னு சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு வீட்டில் மற்றவர்களுக்கு வெறும் தண்ணீர். அப்படி வளர்ந்த மனுஷருக்கு, வேலியைத் தாண்டி வரும் பாத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நெல்லுச் சோறும் முட்டைக் குழம்பும் வந்தன.

"கோழி அடிச்சா நீங்க சாப்பிட மாட்டீகன்னு சொன்னாக. ஒங்க ஆளுக அறுக்கணுமாம்ல. அதான் முட்டை," என்றாள் பேச்சாயி.

இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாளே என்று அவருக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது உண்மைதான். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் கதவோரத்தில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவிய பிறகு லத்தீப் காகிதத்தில் 'நெல்லுச் சோறு, முட்டைக் குழம்பு' என்று எழுதிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான் கண்ணால் கண்டதைத்தானே எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணால் கண்டதில் பாதியைத்தான் எழுதினார் என்பதையும் அவர் அறிவார்.

பட்டிமன்றத்தன்று மண்டபம் கொள்ளவில்லை. வறுத்த கடலைப் பொட்டலத்தோடு ஜனம் தரையிலும் படிகளிலும் உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் லத்தீப்பின் மனைவி நசீம் பானுவும் வந்திருந்தாள். முன்வரிசையில் தாசில்தார். அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அரிசிக்குத் திண்டாடிய வருஷம் அது. தாலுகாவில் சில ஊர்களில் மட்டும் மலிவு விலை அரிசிக் கடை திறக்கச் சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. கடைகள் கொஞ்சம், கேட்ட ஊர்கள் நிறைய. உடையப்பனின் அறிக்கையை வைத்துத்தான் ஓடைக்கரைப்பட்டி அந்தப் பட்டியலில் ஏறியிருந்தது. இது லத்தீப்புக்கும் தெரியும்.

உடையப்பன் முதலில் பேசினார். சதவீதம் சொன்னார், சராசரி சொன்னார், போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒப்பிட்டார். எல்லாம் சரிதான், ஆனால் கடலை தின்கிறவர்களுக்குச் சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொட்டாவி விட்டார்கள்.

லத்தீப் எழுந்தார். மைக்கைப் பிடித்தால் அவர் ஆளே வேறு. கல்லூரியில் பையன்கள் அவர் வகுப்புக்கு ஜன்னலில் நின்று கேட்பார்கள்.

"உடையப்பன் அவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்குப் போய்வந்தார்கள். அந்தக் கூலிக்காரர் வீடுகளில் ஒரு வேளையாவது கை நனைத்தார்களா என்று கேளுங்கள். இல்லை. கட்டுச்சோறு கொண்டுபோய்க் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரே ஒரு நாள் போனேன். பேச்சாயி என்கிற தாய் எனக்கு நெல்லுச் சோறும் முட்டைக் குழம்பும் போட்டாள். பட்டினி கிடக்கிற வீடாம் அது. நான் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குத் தீட்டுக் கிடையாது."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். விசில். முன்வரிசையில் தாசில்தார் தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தக் காலத்தில் ஒரு மேடையில் ஒருத்தரைச் சாதி பார்க்கிறவர் என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவர் சொன்ன சதவீதம் எல்லாம் குப்பைதான்.

உடையப்பனுக்குப் பதில் சொல்ல நேரம் கொடுத்தார்கள். அவர் மைக் முன்னால் வந்து லத்தீப்பைப் பார்த்தார். விடுதி அறையில் இருந்த நாளிலேயே லத்தீப்பிடம் அவர் சொன்னதுண்டு, கணக்கெடுக்கப் போற வீட்ல சாப்பிடக் கூடாது மாப்ளே, நம்ம சாப்பிட்டா அன்னைக்கு அவுக பட்டினி என்று. கிராமத்தில் வளர்ந்த ஆளுக்கு அது படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

"நான் ஏன் அங்க சாப்பிடலைன்னு அவருக்குத் தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஜனம் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தரம் சிரித்தது. நடுவராக இருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், வாழ்கிறார் என்று தீர்ப்புச் சொல்லி மணியை அடித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது லத்தீப்புக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் ஆட்கள் நிறுத்திக் கை கொடுத்தார்கள். நசீம் பானு நாலடி பின்னால் வந்தாள். வாசல் பூட்டைத் திறக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"உடையப்பண்ணன் நம்ம வீட்ல எத்தன பெருநாளு சாப்பிட்டிருக்காக. அவுகளைப் போயித் தீட்டுப் பாக்குறவுகன்னு சொல்லிட்டீங்களே."

"அது சும்மா மேடைப் பேச்சு."

"அந்தம்மா பேரையும் சொல்லியிருக்க வேணாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளோடு சண்டை போட்டுவிடலாமா என்று லத்தீப்புக்கு இருந்தது. என்ன சொல்லிச் சண்டை போடுவது?

ஒரு வாரம் போயிருக்கும். கடைவீதியில் தாசில்தார் ஜீப்பை நிறுத்தி அவரைக் கூப்பிட்டார்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது நல்லதாப் போச்சு சார். பட்டியல்ல ஒரு ஊரு கூடுதலா இருக்கு, எதைக் கழிக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். ஓடைக்கரைப்பட்டிய எடுத்துட்டேன். நெல்லுச் சோறும் முட்டையும் திங்கிறவனுக்குக் கடை எதுக்கு?"

ஜீப் போய்விட்டது. கடைவீதி நடுவில் நின்ற லத்தீப்புக்கு உடம்பெல்லாம் கூசியது. பயம் என்றால் ஓடி ஒளியலாம். துக்கம் என்றால் அழலாம். வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்று மத்தியானம் நசீம் பானு சோற்றைப் போட்டபோது அவரால் அதை அளைய முடிந்ததே தவிர வாயில் வைக்க முடியவில்லை. ஓடைக்கரைப்பட்டியில் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்ட சோறு யாருடைய பங்கு என்று அப்போதுதான் கணக்குப் போட்டார். பொருளாதாரம் படித்தவர் அல்லவா, தாமதமாகவாவது கணக்கு வந்துவிட்டது.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போனார். விருந்தாளிக்குப் போட்ட சாப்பாட்டை வைத்து ஒரு ஊரை எடை போடக் கூடாது, நான் பேசியது தப்பு என்றார்.

தாசில்தார் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "விருந்தாளிக்குப் போட அரிசி இருந்துச்சா இல்லியா? இருந்துச்சு. நீங்களே சாப்பிட்டிருக்கீங்க. ஊரே கேட்டுருக்கு. நாளைக்குக் கழிச்ச ஊரைத் திரும்பச் சேத்தா மத்த ஊர்க்காரன் என் சட்டையைப் பிடிப்பானே."

"அது அவங்க வீட்டு அரிசி இல்ல சார்."

"அப்ப யாரு வீட்டு அரிசி? எழுதிக் குடுங்க. இன்னார் வீட்ல இல்லாம இன்னார்கிட்ட வாங்கி வந்து போட்டாங்கன்னு பேரோட எழுதிக் குடுங்க. நான் ஆள் விட்டு விசாரிச்சுத் திரும்பச் சேக்குறேன்."

எழுதுவதற்குப் பேனாவை எடுத்தவர் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு தடவை கேட்காமல் அந்தப் பேரைச் சொன்னதே போதும் என்று பட்டது. கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

பேச்சாயி அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சிவனம்மாளையும் கூப்பிட்டாள்.

"ஏ சிவனம்மா, அந்த சாரு வந்திருக்காக. டவுன்ல அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி எம் பேரைச் சொல்லி, நான் போட்ட சோத்தப் பத்திப் பேசுனாகளாம்ல. ரெட்டியார்சத்திரம் சந்தையில ஒரு ஆளு சொன்னான். கேட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு."

லத்தீப் வந்த விஷயத்தைச் சொல்வதற்குள் நாக்கு நாலு தடவை புரண்டது. அரிசி கடன் வாங்கியது என்று எழுதிக் கொடுத்தால் ஊருக்குக் கடை வரும் என்றார். பேச்சாயியின் முகம் சுண்டிப்போனது.

"நீங்க பாத்துட்டீகளா?"

"பாத்தேன்."

பேச்சாயி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவனம்மாள்தான் சொன்னாள். அந்த அரிசி, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற அவள் மகளுக்காக எடுத்து வைத்திருந்தது. முட்டையும் அதற்குத்தான். "விருந்தாளி வந்திருக்காகன்னு கேட்டா இல்லேன்னா சொல்ல முடியும்?" என்றாள்.

"எழுதாதீக சாரு," என்றாள் பேச்சாயி. "எம் மகளுக்கு வடமதுரையில மாப்ள பேசிக்கிட்டு இருக்கோம். அவுக நம்மளவிடக் கொஞ்சம் வசதி. இந்த வீட்ல ஒரு ஆளுக்குச் சோறு போடவே வேலி தாண்டிக் கை நீட்டுறாகன்னு ஆபீசுல எழுதி, ஆளு வந்து விசாரிச்சா, அந்தச் சம்பந்தம் நிக்குமா? கஞ்சிக்கு இல்லேன்னா வெளிய தெரியாமப் பசிச்சுக்கிட்டு இருந்துக்கிருவோம்."

"உடையப்பன்கிட்டச் சொன்னீங்கல்ல, ஒரு வேளைதான் சாப்பிடுறோம்னு?"

"அந்தத் தம்பி பேரு போட மாட்டேன்னு சொல்லித்தான் கேட்டாக. போடவும் இல்ல. வீட்டுக்கு ஒரு நம்பருதான் போட்டாகளாம். நீங்கதான பேரச் சொன்னீக." குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவுக எங்க வீட்ல கை நனைக்க மாட்டாக. ஆனா அவுக கொண்டு வார கட்டுச்சோத்துல பாதி எங்க பிள்ளைகளுக்குத்தான் போகும். நம்ம வந்து சாப்பிட்டா இவுக கஷ்டப்படுவாகன்னு நெனைக்கிற மனுசரு."

இந்த அரிசி விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பேச்சாயி கேட்டாள். லத்தீப் சத்தியம் செய்து கொடுத்தார். கொடுத்துவிட்டு ரெட்டியார்சத்திரம் வரைக்கும் வெயிலில் நடந்தார். அரிசி எங்கிருந்து வந்தது என்று சொன்னால் அவள் மானம் போகும். சொல்லாவிட்டால் ஊருக்குக் கடை வராது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அந்தச் சோற்றையே இல்லாமல் ஆக்கிவிடுவது.

அந்த ஞாயிறு பேப்பரில் அவர் பேரோடு ஒரு சிறு அறிக்கை வந்தது. ஓடைக்கரைப்பட்டியில் நான் எந்த வீட்டிலும் சாப்பிடவில்லை. மேடையில் கைதட்டல் வாங்குவதற்காக அப்படிக் கற்பனை செய்து சொன்னேன். உடையப்பன் அவர்களின் ஆய்வு சரியானது. அவரிடமும் பொதுமக்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இதன் நகலைத் தாசில்தாருக்கும் அனுப்பினார்.

கடை வந்தது. அதோடு மற்றதெல்லாம் வந்தது. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, இது மாதிரி ஆளிடம் பையன்களை எப்படி ஒப்படைப்பது என்று கேட்டார். பதவி உயர்வு அப்படியே நின்றது. ஜன்னலில் நின்று பாடம் கேட்ட பையன்கள், அவர் கரும்பலகையில் ஒரு எண்ணை எழுதினால், சார் இது நிஜமா என்று கேட்டுச் சிரித்தார்கள். டீக்கடையில் அவரைக் கண்டால், முட்டைக் குழம்பு இருக்கா என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். இதெல்லாம் வரும் என்று தெரிந்துதான் எழுதினார், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

பல்லைக் கடித்தாலும் தாங்காதது ஒன்றுதான். உடையப்பன் ஒரு நாள் கல்லூரி வாசலில் வந்து நின்றார்.

"அங்க நீ சாப்பிடவே இல்லியா?"

"இல்ல."

"எல்லாமே பொய்யா?"

உண்மையை இவனிடமாவது சொல்லிவிடலாமா என்று லத்தீப்புக்குத் துடித்தது. சொன்னால் உடையப்பன் அதை விடமாட்டார். விருந்துக்குக் கடன் வாங்கும் வழக்கம் என்று அடுத்த கட்டுரையில் ஏற்றிவிடுவார். அவர் ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பேச்சாயிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

"ஆமா, எல்லாமே பொய்."

உடையப்பன் தலையை ஆட்டினார். "கணக்குல தப்புப் பண்றவனோட ஆயுசு பூராம் சண்ட போடலாம் மாப்ளே. இல்லாததச் சொல்றவனோட என்னத்தப் பேசுறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். செய்த தப்புக்குத் திட்டு வாங்கியிருந்தால் லத்தீப்புக்கு ஆறுதலாக இருந்திருக்கும். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கி, அதற்கும் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த வருஷப் பெருநாளுக்கு உடையப்பன் வரவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு கார்த்திகை மாதப் பகலில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் யாரோ "சாரு" என்று கூப்பிட்டார்கள். பேச்சாயி. கையில் ஜவுளிப் பை. பக்கத்தில் மகளும், வடமதுரைச் சம்பந்தக்காரர்கள் நாலைந்து பேரும். மாப்பிள்ளையின் சித்தப்பா சின்னக்கண்ணு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.

"கலியாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தோம்," என்றாள் பேச்சாயி. குரலில் பழைய சிரிப்பு இல்லை; பேப்பரில் வந்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. சின்னக்கண்ணு பக்கம் திரும்பி, "இவுகதான் நான் சொன்ன சாரு," என்றாள்.

சின்னக்கண்ணு லத்தீப்பை ஏற இறங்கப் பார்த்தார். "இவரா? இவருதான், அந்த ஊர்ல ஒரு வீட்லயும் சாப்பிடலைன்னு பேப்பர்ல எழுதுனாரு. நீங்க என்னமோ எங்க வீட்ல நெல்லுச் சோறு போட்டேன், முட்டைக் குழம்பு போட்டேன்னு எங்க ஊரு பூராம் சொல்லிவச்சிருக்கீக. நாங்களும் நம்பிக்கிட்டு இருக்கோம்."

பேச்சாயியின் முகம் சிவந்துபோனது. அவள் லத்தீப்பின் கண்ணையே பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க சாரு. எங்க வீட்ல சாப்பிட்டீகளா, இல்லியா?"

சம்பந்தக்காரர்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாப்பிட்டேன்," என்றார் லத்தீப். "அவங்க சொன்னது நெசம். வயிறு நிறையச் சாப்பிட்டேன்."

"அப்ப எதுக்குய்யா சாப்பிடலைன்னு எழுதுனீக?" சின்னக்கண்ணு விடுகிற ஆளாக இல்லை.

லத்தீப்புக்கு ஒரு காரணம் வேண்டும். அரிசியின் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் ஊர் முழுக்க உடனே நம்புகிற காரணம் ஒன்று இருந்தது. அதை ஊருக்கு மைக் வைத்துச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"இவங்க வீட்ல சாப்பிட்டேன்னு வெளிய தெரிஞ்சா எனக்கு மரியாதைக் குறைச்சல்னு நெனச்சேன்," என்றார். "அதான் மறைச்சு எழுதிட்டேன்."

சின்னக்கண்ணு சூள் கொட்டினார். "படிச்ச ஆளுக லட்சணம் இது," என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு பேச்சாயியிடம் கொஞ்சம் தணிந்த குரலில், "நான் ஒங்களத்தான் தப்பா நெனச்சுட்டேன் மதினி," என்றார். மகள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

தன் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்த மனுஷர் இப்படிச் சொல்கிறார் என்று பேச்சாயிக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. வாசலில் நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்களை அவள் பிறந்ததிலிருந்து பார்த்து வந்தவள். அவர் சொன்னதை நம்ப அவளுக்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை.

"அதச் சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி நெனச்சிருக்கணும் சாரு," என்றாள்.

"ஆமாம்மா," என்றார் லத்தீப்.

அவள் ஜவுளிப் பையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, சம்பந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வடமதுரை பஸ் நிற்கிற பக்கம் போனாள்.